மூன்று பேருக்குத்தான் இடம்

ஹெலெத்தின் இடுப்பில் பேஜர் அலறியபோது, நெஸ்டாவின் தலையில் இடப்பக்க முடி மட்டும்தான் வெட்டி முடிந்திருந்தது.

போர்த்லாஸ் ஊரின் மீட்புப் படகில் மூன்று பேருக்குத்தான் இடம். அழைப்பு வந்ததும், பயிற்சி முடித்த தன்னார்வலர்களில் முதலில் துறைக்கு வந்து சேரும் மூவர் கடலுக்குப் போவார்கள். மற்றவர்கள் கரையில் நின்று கயிறு சுருட்ட வேண்டியதுதான். மலைப்பக்கத்து ஆட்டுப்பண்ணையில் பிறந்த ஹெலெத், இங்கே குடிவந்த பத்து மாதத்தில் ஒன்பது அழைப்புக்கு ஓடி, ஒன்பது முறையும் கயிறுதான் சுருட்டினாள். இந்த ஊர்ச் சந்துகளில் கடல் கண்ணுக்குத் தெரியும், கால் மட்டும் போய்ச் சேராது. ஒருமுறை யார் வீட்டுக் கோழிக்கூண்டிலோ போய் முட்டி நின்றாள். படகோட்டி எம்ரிஸ் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கத்தரியைப் போட்டுவிட்டு முடிவெட்டும் கடையின் வாசலுக்குப் பாய்ந்தாள். கடைத்தெரு முழுக்கத் திருவிழா ஊர்வலம். இன்றைக்கும் கயிறுதானா என்று அழுகை முட்டியது.

"ஏய், எதிர்ல இருக்கறது என் வீடுதான். பூட்டல," என்றாள் பின்னாலிருந்து நெஸ்டா. "அடுக்களை வழியாப் போ. பின்கதவத் திறந்தா படிக்கட்டு. நேரா துறையில கொண்டு விடும்."

"இத ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே. நாய் குரைக்கும், கடிக்காது. என் மண்டைய இப்படி அரைகுறையா வெச்சிக்கிட்டு நானே கவலப்படல, நீ ஓடு."

நாய் குரைத்தது. நெஸ்டாவின் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே காலை மடக்கி வழிவிட்டார். பின்கதவு. படிக்கட்டு. இரண்டிரண்டு படியாகத் தாவினாள். ஓட ஓடச் சிரிப்பு வந்தது.

எம்ரிஸும் இன்னொருவரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மிதவைச் சட்டை ஆணியில் தொங்கியது. மறுபக்கத்திலிருந்து கசாப்புக்கடை க்விலிம் ஏப்ரனோடு ஓடி வருவதைப் பார்த்தாள். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பத்தடி வித்தியாசத்தில் சட்டையைப் பறித்தாள்.

"கயிறு அங்க இருக்கு, க்விலிம்," என்றார் எம்ரிஸ்.

படகு அலைமேல் எகிறியது. ஹெலெத் சந்தோஷத்தில் கத்தியேவிட்டாள். நின்றபடி துடுப்புப் போடும் பலகையைக் காற்று கடலுக்குள் இழுத்துப்போக, அதில் தொற்றிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணியை அவள்தான் படகுக்குள் தூக்கிப் போட்டாள். குளிரில் அவனுக்குப் பல் தந்தியடித்தது.

"காரு எங்கயோ மேல நிக்குது. எந்தத் தெருன்னே தெரியலீங்க," என்றான் கரையில் இறங்கியதும்.

கோழிக்கூண்டுக் கதையைச் சொல்ல எம்ரிஸ் வாயைத் திறந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்று முந்திக்கொண்டாள் ஹெலெத். "நம்ம ஊருதானே."