எடுக்காமல் விட்ட குழாய்

சசிரேகா கழிப்பறைக்கு எழுந்தால் போதும், மாமியார் மாரியாயி டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவாள். தாழ் போடும் ஓசை, தண்ணீர் ஊற்றும் ஓசை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருமகள் வெளியே வரும்போது சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

"பாத்திரம் தேய்க்கற நேரம் பார்த்துத்தான் இவளுக்கு ஒண்ணுக்கு முட்டுது."

குன்னூருக்கு மேலே, படியேறிப் போகிற தெருவில் அவர்கள் வீடு. சசிரேகாவின் கணவன் கமலேஷ் சுற்றுலா வருகிறவர்களுக்கு டாக்ஸி ஓட்டினான். அவள் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். போன வருடம் மார்ச்சில் வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி வந்து, கமலேஷ் அவளைக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கல்லை உடைத்து எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, தொல்லை விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

விடவில்லை. நேரம் காலம் இல்லாமல் சிறுநீர் முட்டியது. போனால் எரிந்தது. போகும்போதே வலது முதுகுப் பக்கம் சுரீரென்று வலி மேலே ஏறியது. மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டாள். கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடி வந்தது. பனிக்காலம் முழுக்க இப்படியே கழிந்தது.

ஃபேக்டரியில் சூப்பர்வைசர் லிங்கசாமி எல்லார் முன்னாலும் கேட்டான். "ஏம்மா, உனக்குச் சம்பளம் தூள் சலிக்கறதுக்கா, கக்கூஸ்ல உக்கார்றதுக்கா?"

கூட வேலை செய்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதபோது மாரியாயி சொன்னாள்: "அந்த ஆளு கேட்டதுல என்ன தப்பு? கல்லைத்தான் எடுத்துப் போட்டாச்சே, இன்னும் என்ன நோவு? எல்லாம் நடிப்பு. வேலைக்கு வளையாத உடம்பு."

கமலேஷ் கட்டிலில் உட்கார்ந்து போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அம்மா பேசறதையெல்லாம் காதுல போட்டுக்காத புள்ள," என்றான் தலையைத் தூக்காமல்.

ஏப்ரலில் ஒரு காலையில் சிறுநீரோடு ரத்தம் போனது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு ஊட்டி பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே டாக்டர் ஷண்முகப்ரியா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படம் கம்ப்யூட்டரில் வந்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை ஏன் இன்னும் எடுக்காம வெச்சிருக்கீங்க?"

"எதைங்க?"

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. அதன் இரண்டு முனைகளும் சுருண்டிருந்தன. சுருளைச் சுற்றிச் சுண்ணாம்பைக் குழைத்து அப்பியதுபோலக் கட்டி கட்டியாக இருந்தது.

"இது ஸ்டென்ட்டும்மா. ஒரு சின்ன டியூப். கல்லை உடைச்சா பாதை வீங்கி அடைச்சுக்கும். அடைக்காம இருக்கறதுக்காக இதை வெப்பாங்க. மேல் முனை கிட்னிக்குள்ள, கீழ் முனை மூத்திரப்பைக்குள்ள. கொஞ்ச நாளைக்கு நல்லா வேலை செய்யும். ஒன்றரை மாசம், மிஞ்சிப்போனா மூணு மாசத்துல எடுத்துடணும். எடுக்கறது சில நிமிஷ வேலைதான். அப்படியே விட்டா அதுமேலயே உப்பு படிஞ்சு கல்லாயிடும். உங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப இந்த டியூப்தான் பாதையை அடைச்சிருக்கு."

"எங்கிட்ட ஆரும் சொல்லலீங்க."

"அன்னைக்குக் கூட யாரு இருந்தா?"

"ஊட்டுக்காரருங்க."

டாக்டர் பேனாவை எடுத்தாள். கோவை அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து, தள்ளிப்போடாமல் போகச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் வெலிங்டன் தாண்டும்வரை சசிரேகா விலாவுக்குக் கீழிருந்து கையை எடுக்கவில்லை. தனக்குள்ளே ஒரு பொருள் இருந்திருக்கிறது, அது தனக்குத் தெரியவில்லை. அது அவளை அருவருக்க வைத்தது. இறங்கி நடக்கும்போது அந்த அருவருப்பு கோபமாக மாறியிருந்தது.

கமலேஷ் தெருமுனையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குள்ள டியூப் வெச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் துணியைப் பக்கெட்டில் முக்கினான். "எந்த டியூபு?"

"இன்னொருக்கா அப்படிக் கேட்டீங்கன்னா ஊரைக் கூட்டிப்போடுவேன்."

"மெதுவாப் பேசு புள்ள. ஒன்றரை மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அது மே மாசம். சீசன்ல வண்டிய நிறுத்த முடியல. அப்பறம் மறந்துபோச்சு."

சத்தம் கேட்டு மாரியாயி படியில் வந்து நின்றாள். "மறந்தா என்னங்கறே? ஆம்பளைக்கு ஆயிரம் வேலை. அதுக்கு நடுத்தெருவுல வெச்சுக் கேள்வி கேப்பியா?"

சசிரேகா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்தது கெடக்கட்டும். எரியுதுன்னு நான் அழுதப்ப ஞாபகம் வரலையா? நடிக்கறா நடிக்கறான்னு உங்கம்மா சொன்னப்ப பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. அப்ப வந்துச்சா, இல்லையா?"

அவன் கார்க் கண்ணாடியைத் துடைத்தான்.

"வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

மாரியாயி ஒரு படி இறங்கினாள். பிறகு மகனைப் பார்த்து, "எங்கிட்டயாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்லடா," என்றாள். மருமகளைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் கோவை போகும்போது சசிரேகா பழைய தனியார் மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள். கமலேஷ் வேண்டாம் என்றான். அவள் இறங்கிப் போய்விட்டாள். அறுவை செய்த டாக்டரைப் பார்க்க வெகுநேரம் காத்திருந்தாள். அவர் விவரத்தைக் கேட்டுவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"உங்க ஹஸ்பண்ட்கிட்டத் தெளிவாச் சொன்னோமே."

"டியூபை அவர் உடம்புலயா வெச்சீங்க?"

"இங்க பாருங்கம்மா, கூட வர்ற அட்டெண்டர்கிட்டச் சொல்றதுதான் வழக்கம்."

"எனக்கு வாயில்லையா, காதில்லையா? வலி எங்கன்னு என்னையத்தான கேட்டீங்க? உள்ளுக்குள்ள வெச்சதை மட்டும் ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவர் மணியை அழுத்தினார். ஒரு நர்ஸ் வந்து அவள் தோளைப் பிடித்தாள். சசிரேகா அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே வெளியே நடந்தாள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளிடம், "உங்களுக்கு உள்ள என்ன வெச்சாங்கன்னு நீங்களே கேட்டுக்கங்க," என்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தாள். காவல்காரர் அவளை வாசல்வரை துரத்தாத குறையாகக் கொண்டுவந்து விட்டார். கமலேஷ் காரை விட்டு இறங்கவே இல்லை.

அரசு மருத்துவமனையில் ஒரே தடவையில் குழாயை எடுக்க முடியவில்லை. கீழ் முனையிலிருந்த கல்லை முதலில் உடைத்தார்கள். மேல் முனைக்கு முதுகில் துளை போட வேண்டியிருந்தது. வெளியே வந்த குழாயை அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பவளப்பாறைத் துண்டுபோல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. வலது சிறுநீரகத்தில் கால்வாசிதான் வேலை செய்கிறது, போனது திரும்பாது என்று டாக்டர் நேராக அவளிடமே சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் மாரியாயி அவளுக்குச் சோறு ஆக்கிப்போட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் போய், "பையனை வாட்டி எடுக்கறா," என்றாள். சசிரேகாவின் காதில் விழும்படிதான் சொன்னாள். கமலேஷ் இரண்டு தடவை கையைப் பிடித்தான். இரண்டு தடவையும் அவள் உதறிவிட்டாள். போக்கிடம் இல்லாமல் அங்கே இருந்தாள், வேலைக்குத் திரும்பினாள். கோவைக்குப் பரிசோதனைக்குப் போகிற நாட்களில் அவன் காரை எடுத்து நிறுத்துவான். அவள் தாண்டிப்போய் பஸ் ஏறுவாள்.

ஐப்பசி மழையில் ஒரு பரிசோதனை நாளன்று மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்களை நிறுத்திவிட்டார்கள். கார்கள் மட்டும் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போயின. அவள் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"முன்னாடி வந்து உக்காரு சசி."

"இங்கயே இருக்கேன். ஓட்டுங்க."

பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினான். ஒரு வளைவு தாண்டியதும் தானாகவே பேசினான். "பயந்துட்டேன் புள்ள. நாளாயிருச்சுன்னு தெரிஞ்சப்பறம் சொல்லவே பயமாயிருச்சு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... எப்படியோ தானாச் சரியாயிரும்னு இருந்துட்டேன்."

"எதுக்குப் பயம்?"

"நீ திட்டுவேன்னு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"நான் திட்டுவேன்னு பயந்து என் கிட்னியைக் காவு குடுத்திருக்கீங்க," என்றாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அவன் ரோட்டைப் பார்த்தான்.