எழுபது காட்டிய முள்

என் ஸ்கூட்டருக்கு வேகம் வேண்டும் என்று நான் கேட்டது பந்தயம் விடுவதற்கல்ல. எண்ணூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக் குப்பி கம்பெனியில் ஏழு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஏழு ஒன்றுக்குப் போனால் சிவப்புக் குறி. இந்த மாதம் முழுக்கச் சிவப்புக் குறி வாங்காவிட்டால் நீதான் லைன் லீடர் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஒன்பது வருஷமாகக் குப்பி அடுக்குகிறேன். நேற்று வந்தவனெல்லாம் "ஜஸீமாக்கா, சீக்கிரம்" என்று விரட்டுகிறான். அந்த வேலைக்கு ஆசைப்பட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கொருக்குப்பேட்டையிலிருந்து பதினாலு கிலோமீட்டர். பாதி வழி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துதான் போகவேண்டும். கொஞ்சம் இடம் கிடைத்து முறுக்கினால், என் வண்டி நாற்பத்தெட்டுக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தண்டவாளத்தை ஒட்டி மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் தம்பி காலித்திடம் கொண்டுபோய் விட்டேன்.

"இந்த வண்டிய வச்சிகினு ராக்கெட்டு வுடப் போறியாக்கா?"

"எழுவது போனா போதும்டா."

இரண்டு நாள் கழித்துக் கொடுத்தான். "பெல்ட்டு புச்சு போட்டுக்கீறேன். இன்னும் கொஞ்சம் வேல பாத்துக்கீறேன். ஓட்டிப் பாரு" என்றான்.

ஓட்டினேன். முள் ஐம்பது, அறுபது என்று ஏறி எழுபதில் போய் நின்றது. திருவொற்றியூர் தாண்டியதும் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். பெட்ரோலும் மிச்சம், லிட்டருக்கு நாற்பது கொடுத்த வண்டி ஐம்பத்தெட்டு கொடுத்தது. வேகமும் கூடி மைலேஜும் கூடுமா என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. என் தம்பியின் கைராசி என்று கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். கேட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் மட்டும் பெரிதாக மாறவில்லை. அந்தப் பழியை லாரிகள் மேல் போட்டேன்.

என் வீட்டுக்காரர் ஜஹாங்கீருக்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடையில் வேலை. தினமும் சாயங்காலம் கேட்பார்.

"இன்னிக்கி எவ்ளோ போன?"

"எழுவது."

"அம்மாடியோ! பாத்துப் போம்மா" என்று கண்ணை விரிப்பார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் தினமும் விசாரித்தது அந்த ஒரு மாதம்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மாதக் கடைசி நாள் வந்தது. அதுவரை ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. வழக்கம்போல ஆறேகாலுக்குச் செருப்பை மாட்டும்போது அவர் ஒரு சட்டையை நீட்டினார்.

"இத்த தேச்சுட்டு, ஒரு டீ போட்டுட்டுப் போ."

"டைம் ஆவுதுங்க. இன்னிக்கிதான் கடைசி நாளு."

"லாரிக்காரங்க ஸ்ட்ரைக்கு. ரோடு காலியாக் கெடக்கும். எழுவதுல போறவ நீ, கால் மணி நேரத்துல பூடுவ."

கணக்கு சரியாகத்தான் பட்டது. தேய்த்தேன், டீ போட்டேன். கிளம்பும்போது ஆறு நாற்பது.

ரோடு நிஜமாகவே காலி. சிக்னல்களில் நின்ற நேரம் போக, முள் எழுபதை விட்டு இறங்கவேயில்லை. எர்ணாவூரில் சௌமியா பக்கத்தில் வந்தாள். அடுத்த கம்பெனிக்காரி, ஏழரை மணி ஷிஃப்ட் என்பதால் எப்போதும் ஆற அமர ஓட்டுகிறவள்.

"இன்னாக்கா, மெதுவாப் போய்கினு கீற?"

"மெதுவாவா? எழுவதுடி!"

குனிந்து தன் மீட்டரைப் பார்த்தாள். "என்து நாப்பத்தெட்டுதான் காட்டுது. உன் கூடவேதானே வந்துகினு கீறேன்?"

ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினேன். கேட்டுக்குப் போனபோது ஏழு நாலு. காவலாளி அத்தாவுல்லா நல்ல மனிதர். என்னைப் பார்க்காமலே சிவப்புக் குறி போட்டார். மத்தியானம் ரகுபதியை லீடர் என்று அறிவித்தார்கள். அவன் வேலைக்கு வந்து ஒன்றரை வருஷம்.

சாயங்காலம் திரும்பும்போது மீட்டரில் கிலோமீட்டர் எண்ணைக் கவனித்தேன். பதினாலு கிலோமீட்டர் பாதை இருபது என்று காட்டியது. நேராக ஷெட்டுக்குப் போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்தேன்.

"முன்னாடி வீல்ல, மீட்டர் கேபிள சுத்துற பல்சக்கரத்த மாத்திட்டேன்க்கா" என்றான். "முள்ளுதான் ஜாஸ்தி காட்டும். வண்டி பழைய வேகந்தான். மச்சான்தான் கெஞ்சுனாரு. 'வேகத்த ஏத்திக் குடுத்தன்னா லாரிக்கு அடியில பூந்துடுவாடா, எனக்குத் தூக்கமே வர்ல'ன்னு அழுதாரு."

ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு அவனையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஜஹாங்கீர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பயமா இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்ல? டெய்லி எழுவதா, எழுவதான்னு கேட்டு உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"உன் நல்லதுக்குத்தான் ஜஸீமா."

"சரி. இன்னிக்கி காலையில, எழுவதுல பூடுவன்னு சொல்லி நிக்க வச்சீங்களே. முள்ளு பொய்யின்னு அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். காலித் அவருக்கு எதிரில் போய் நின்றான்.

"மச்சான், இன்னிக்கி ரோட்டுல லாரியே கெடையாதே. அப்புறம் ஏன் அக்காவ லேட்டாக்குன?"

"லீடரானா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வூட்டுக்கு வருவா" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு சோறு யார்ரா போடறது?"

காலித் கன்னத்தைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றான். எனக்காக ஒரு மனுஷன் தூக்கம் கெட்டு அழுதானே என்று ஷெட்டிலிருந்து வழி நெடுக உருகிக்கொண்டு வந்திருந்தேன். அந்த அழுகைக்காக லீடர் வேலை போனால் போகட்டும் என்றுகூட, வண்டியை நிறுத்தும்போது மனதைத் தேற்றியிருந்தேன்.