பத்தொன்பது வாரம் கிளம்பாத கப்பல்

ஐந்து வருஷக் குடித்தனத்தை ஐந்தே வாரத்தில் எழுதித் தள்ளிவிட்ட முப்பிடாதி, ஒரேயொரு காலைப் பொழுதில் பத்தொன்பது வாரமாக மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் எழுதிய தொடர்கதையில் நாயகன் ராயபுரத்து வீட்டிலிருந்து ரங்கூன் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். வாசல்வரை போவான், குடையை மறந்திருப்பான். குடையை எடுத்தால் வெற்றிலைச் செல்லத்தை மறந்திருப்பான். எந்த மனுஷன் இத்தனை மறப்பான்?

யானைக்கவுனியில் அந்தப் பத்திரிகையை நடத்திய கருணாகரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தியாயம் கொடுக்க வந்தவளிடம் கத்தினார்.

"இன்னாம்மா இது? பத்தொம்போது வாரமா அந்தாளு செருப்பு மாட்டிகினே கீறான்! படிக்கிறவனெல்லாம் பேஜாராயி லெட்டர் போடறான். இந்த வாரம் கப்பல் பொறப்படணும். பத்து வருசத்த ஒரே வரில தாண்டு. இல்லாங்காட்டி கதைய நிறுத்திடுவேன்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அந்தப் பத்து வருஷம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நாற்பத்தொன்றாம் வருஷம் முப்பிடாதியின் புருஷன் மாசானம் அரிசி வியாபாரத்துக்கு ரங்கூன் போனான். கூடப்போன நீலமேகம் மட்டும் நடந்தே திரும்பி வந்து, ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள் மாசானத்தைத் தன் கையால் புதைத்ததாக அவளிடம் ரகசியமாகச் சொன்னார். படுக்கையாகக் கிடந்த மாமியார் இசக்கியம்மாளிடம் அதைச் சொல்ல முப்பிடாதிக்கு நா எழவில்லை. அப்புறம் சொல்லவே முடியவில்லை. பொட்டோடும் தாலியோடும் பத்து வருஷம் ஓடிவிட்டது. வாய்விட்டு ஒரு அழுகை கூட அவள் அழுததில்லை.

போதாக்குறைக்கு, வீட்டுக் காகிதமெல்லாம் அந்தப் பேரில்தானே என்று கதையையும் முதலில் புருஷன் பேரிலேயே தபாலில் அனுப்பி வைத்தாள்; அச்சிலும் அந்தப் பேரே நின்றது. அதுதான் வினையாயிற்று. பதில் கடிதம் வந்த அன்று போஸ்ட்மேன் வாசலில் நின்று "மாசானம்!" என்று கூப்பிட, கிழவி படுக்கையிலேயே துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். கடிதம் கதைக்கு வந்தது என்று தெரிந்ததும், மகன் எங்கேயோ உட்கார்ந்து கதை எழுதுகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

பத்திரிகை வந்ததும் முப்பிடாதி வாசித்துக் காட்டுவாள். முடிந்ததும் கிழவி, "எழுதினது யாரு?" என்பாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பதால் முப்பிடாதி வாய் திறக்காமல் பேரின்மேல் விரலை வைப்பாள். கிழவி அந்த எழுத்தைத் தடவி, "மாசானம்" என்று தானே சொல்லிக்கொள்வாள்.

கதை நின்றால் கிழவிக்கு மகன் போய்விடுவான். கப்பல் புறப்பட்டாலும் போய்விடுவான்.

மத்தியானம் எழுத உட்கார்ந்தாள். நாயகனை வாசற்படிக்குக் கொண்டுவந்ததும் வழக்கம்போல நடையில் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. மாசானத்தின் பழைய செருப்பு பத்து வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. மற்ற நாளென்றால் குடையோ துண்டோ சொல்லி அவனைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பாள். இன்று கூப்பிடவில்லை. சத்தம் தெருவில் இறங்கிப் போனது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. 'பத்து வருஷமாயிற்று. அவர் வரவில்லை' என்று எழுதினாள்.

அச்சாகி வந்த அந்த வரியை வாசித்தபோது கிழவி அசையாமல் கேட்டாள். பிறகு, "எழுதினது யாருட்டி?" என்றாள்.

முப்பிடாதி விரலை வைக்கவில்லை.

"மாசானம்" என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

கிழவி அவள் முகத்தையே பார்த்தாள். "கொறையதுக்கு அவனுக்கு ஆயுசு இல்லையாட்டி?"

"இல்லை அத்தை."

கிழவி கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுட்டி. எம்புட்டு நாளா அடக்கி வச்சிருந்தியோ, வாய்விட்டுச் சொல்லு."