இடது பக்கம் பேசவில்லை

இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டினார் தம்பி. அதுவரை ஊமையாக இருந்த ஸ்பீக்கர் பாடியது, பாடிக்கொண்டிருந்தது அடங்கிப்போனது.

“அப்ப ஸ்பீக்கர் மேல தப்பில்ல. ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறு. மூடியக் கழட்டு” என்றாள் அக்கா, கட்டிலில் படுத்தபடியே. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

முப்பது வருஷமாக ஊரார் வீட்டுப் பாட்டுப் பெட்டிகளைச் சரிசெய்த கைகள் போர்வைக்கு மேல் சும்மா கிடந்தன. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தான் தம்பி நான்கு வருஷத்துக்குப் பிறகு இந்த வாசலை மிதித்திருந்தார், ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் தூக்கிக்கொண்டு. “இடது பக்கம் பேசல” என்று மட்டும் சொன்னார். அத்தான் ஒன்றும் கேட்காமல் கட்டிலோரம் மேசையை இழுத்துப் போட்டு, அக்காவின் கருவிப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

தம்பி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“பிளக்க யாரு உருவறது? எனக்கு முன்னாடி போய்ச் சேந்துராத.”

உருவினார்.

“அஞ்சு நிமிஷம் சும்மா இரு. உள்ள கரண்டு மிச்சம் இருக்கும். வடியட்டும்.”

சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் தன் மகளின் கல்யாணத்தில், “இவங்க யாரு?” என்று சம்பந்தி கேட்டபோது, அக்காவின் சூடுபட்டுக் கறுத்த விரல்களைப் பார்த்துவிட்டு, “தெரிஞ்சவங்க” என்று சொன்னவர் அவர். அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அன்று சாப்பிடாமல் போனவள்தான்.

“அக்கா, அன்னிக்கு நான்...”

“அஞ்சு நிமிஷம் ஆயிருச்சு. தொற.”

மூடியைக் கழற்றி, அவள் பார்க்கும்படி பெட்டியைச் சாய்த்து, டார்ச் அடித்தார். அவள் கண்கள் மெதுவாகச் சுற்றி ஓரிடத்தில் நின்றன.

“அந்தச் செவப்புக் கம்பி. கிட்ட காட்டு.” உற்றுப் பார்த்தாள். “இது தானா அறுந்ததில்லடா. கத்தரிச்சது.”

அவர் தலை நிமிரவில்லை. உள்ளங்கையில் ஸ்க்ரூக்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

“வர்றதுக்கு ஒரு சாக்கா?”

அக்காவின் தோள்கள் குலுங்கின. வலியோ என்று பதறி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கூறு கெட்டவனே, ஃபியூஸக் கழட்டியிருந்தா போதாதா? நல்ல கம்பியப் போயி வெட்டுவாங்களா?”

அவரும் சிரிக்கப் பார்த்தார். முகம் வேறெங்கோ போனது.

“அழுவறத அப்பறம் வச்சுக்க. ஈயம் வச்சுப் பத்த வை. கம்பியச் சூடாக்கு, ஈயம் அதுவா எறங்கும்.”

இரண்டு முறை நழுவி, மூன்றாவது முறை பிடித்தது. பாட்டைப் போட்டார். இரண்டு பக்கமும் பேசின. அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

“வலது தூக்கலா இருக்கு. கொறை.”

குறைத்தார்.

“ம். இப்ப சரி.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மூன்று மணிக்கு மருந்தோடு வந்த அத்தான், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போய்ப் பாட்டை நிறுத்தினார்.

மறுநாள் எல்லாம் முடிந்து பேருந்தில் ஏறினார் தம்பி. ஸ்பீக்கர்களை அத்தானிடமே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மட்டும் மடியில் வைத்திருந்தார்.

“கீழ வைங்க சார், கனமா இருக்குமே” என்றார் நடத்துநர்.

“இருக்கட்டும்.”

நிறுத்தங்கள் கடந்தன. தொடைகள் மரத்துப்போயின. பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.