நிறமில்லாத துளிகள்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் வேலிகளில் படரும் ஒரு கொடியின் வேர் வலியைத் தணிக்கும். கூடவே கல்லீரலையும் பதம் பார்க்கும். அந்த வேரின் மூலக்கூறில் கெடுதல் செய்யும் ஓரத்தை மட்டும் மாற்றி, புது மூலக்கூறு ஒன்றை வடிவமைத்தாள் லின்சி. தாளில் வரைவது சுலபம். அதைக் கையால் செய்து எடுக்க ஆய்வகத்தில் ஒரு வருஷம் மாய்ந்து மாய்ந்து உழைத்தாள். கடைசிப் படி பாக்கி இருக்கும்போது வயிற்றில் பிள்ளை தங்கியது.

முந்தைய பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இந்த முறை ரசாயன நெடி பக்கமே தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனவே கடைசிப் படிக்குக் கணவன் ஜெஃபின் வந்தான். அவனும் அதே ஆய்வகம்தான். மருந்தை செல்களில் சோதிப்பதில் சூரன், மருந்து செய்வதில் கத்துக்குட்டி. லின்சி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் சொல்லச் சொல்ல, அவன் செய்தான்.

கலவையைக் குழாயில் வடித்துப் பிரித்தபோது முதலில் மஞ்சளாக இறங்கியது, பிறகு தண்ணீர் போல. செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தே பழகிய கண் அவனுடையது. நிறம் இருந்தால்தான் சரக்கு என்று நினைத்துவிட்டான். அவளைக் கேட்காமலே மஞ்சளைப் பத்திரப்படுத்திவிட்டு, மற்றதைக் கழிவுக் கேனில் கவிழ்த்தான்.

"ஏனுங்க! அதுதானுங்க மருந்து!"

கேனில் ஏற்கெனவே இருந்தது அமிலம்; அது மருந்தைச் சிதைத்துவிடும். உடனே பக்குவம் பார்த்தால் கொஞ்சமாவது மிஞ்சும்; அந்தப் பக்குவம் அவள் கைக்குத்தான் தெரியும். லின்சி கதவுக்கு ஓடினாள். அதற்குள் ஜெஃபின் உள்ளிருந்து முதுகைக் கொடுத்துக் கதவை அடைத்துக்கொண்டான்.

"வராத கண்ணு."

"ஒரு வருச உழைப்புங்க! ஒரே நிமிசம், உடுங்க!"

"நாந்தான் பாழாக்கிப்போட்டேன். என்னைய என்ன வேணாத் திட்டு. உள்ள மட்டும் வராத."

அவள் ஆத்திரத்தோடு தள்ளினாள். அவன் அசையவில்லை. கண்ணாடி வழியே அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

முதல் பிள்ளை போனபோது அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டான். கல்நெஞ்சுக்காரன் என்று அவள் அன்றே முடிவு கட்டியிருந்தாள்.

லின்சி கைப்பிடியை விட்டாள்.

"வெளிய வாங்க," என்றாள். "மருந்த மறுபடி செஞ்சுக்கலாம்."

அவன் கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தான். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, தரையிலேயே உட்கார்ந்தார்கள். போன பிள்ளைக்காக இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.