மாதாவுக்குப் பாஸ்போர்ட் நம்பர்

ஈராக்குக்குப் போகாதீர்கள், போனவர்கள் தூதரகத்தில் பெயரைப் பதியுங்கள் என்று 2004இல் அரசாங்கம் பேப்பரில் போட்டபோது, என் அண்ணன் டொமினிக் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. குவைத்தில் சமையல் வேலை என்று கூட்டிப்போன ஏஜென்ட், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ராணுவ முகாமில் தள்ளிவிட்டிருந்தான்.

சிவாஜிநகர் எஸ்டிடி பூத்திலிருந்து டில்லி எண்ணுக்குப் பேசினேன். பெயர், பாஸ்போர்ட் நம்பர், முகாமின் பெயர், மூன்றும் வேண்டும் என்றார் அதிகாரி. பெயரும் முகாமும் தெரியும்; பாஸ்போர்ட் ஜெராக்ஸைத்தான் ஏஜென்ட் போன வாரம் வாங்கிப் போயிருந்தான். அவன் கடையில் பூட்டு. ஷட்டரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வீங்கியது.

வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். "அந்த நம்பரையாவது எழுதி வெச்சியா?"

"எழுதினேனே. நவநாளுக்கு வேண்டுதல் சீட்டுல எழுதி, கோயில்ல மாதா பெட்டியில போட்டேன்."

"மாதாவுக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட் நம்பர்? அவங்க என்ன ஏர்போர்ட்லயா உக்காந்திருக்காங்க?"

"ஏன்டி நோரா, உலகத்துல ஒரே டொமினிக்கா இருக்கான்? வேற யாரையாவது இட்டுனு வந்து வுட்டாங்கன்னா?"

பி.காம். படித்தவள் நான். இந்த மூளையோடா அம்மா ஒன்பது சனிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றினாள் என்று எரிச்சலோடு கோயிலுக்கு நடந்தேன். ஃபாதர் சம்மதித்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆம்ப்ரோஸ் பெட்டியைத் திறந்து பாயில் கவிழ்த்தார்.

பரீட்சை, கல்யாணம், மூட்டுவலி. நடுவில் ஒரு நம்பர். இன்னொரு நம்பர். ஹெப்பகோடியிலிருந்து வரும் தனக்கோடி, குங்குமம் வைத்துக்கொண்டே மாதாவிடம் வருகிறவள், மகன் கிரணின் பாஸ்போர்ட் நம்பரையும் முகாமின் பெயரையும் எழுதி, "இடது புருவத்தில் தழும்பு, பார்த்ததும் தெரியும்" என்று சேர்த்திருந்தாள். அத்திபெலேயிலிருந்து ஒருத்தி மகனின் ரத்த வகையைக்கூட எழுதியிருந்தாள். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி எழுதினார்களோ என்னவோ, இப்படி முப்பத்தி நாலு சீட்டு. ஏஜென்ட் மறைத்த, அரசாங்கப் பதிவில் இல்லாத அத்தனை பேரும் பாயில் கிடந்தார்கள். அம்மாவின் கோணல் எழுத்தும் இருந்தது. உதட்டில் இருந்த கேலி எங்கே போனதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் எழுதிக்கோ," என்றார் ஆம்ப்ரோஸ். "திருப்பி உள்ள போடணும். அது மாதாவோட லெட்டரு."

அன்றே முப்பத்தி நாலையும் டில்லிக்கு ஃபேக்ஸ் செய்தேன். தினமும் பூத்துக்குப் போய்க் கேட்டேன். நாலாம் நாள் அம்மாவும் கூட வந்தாள்.

நம்ம ஆட்களை ஏற்றிக்கொண்டு குவைத் எல்லைக்கு ஒரு பஸ் வந்து சேர்ந்திருக்கிறது என்றார் அதிகாரி. பெயர் கேட்டார். சொன்னேன். காகிதம் புரளும் சத்தம்.

"என்னாடி கேக்கறாரு?" அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ரிசீவரைக் கையால் பொத்தினேன். "பஸ்ல ரெண்டு டொமினிக் இருக்காங்களாம்மா. எந்த டொமினிக்னு கேக்கறாரு."

"பின்ன? கேக்காம இருப்பாங்களா?" என்றாள் அம்மா. "நம்பரைச் சொல்லு."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். கடைசி எண் வரைக்கும் சரியாக இருந்தது.