அம்பாசடருக்குள் ஊட்டி

சாந்தாமணி ஒரு கையால் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே மறுகையால் கைப்பிடியைச் சுற்றினாள். பழைய அம்பாசடர். தள்ளிவிடாமல் சுற்றினால் கண்ணாடி பாதியில் நின்றுகொள்ளும்.

"இன்னுங் கொஞ்சம் ஏத்து கண்ணு. துளி சந்து இருந்தாலும் குளுரு போயிரும்" என்றார் அப்பா தம்பிதுரை, வண்டியை ஓட்டிக்கொண்டே.

அம்மா பூவாத்தாள் மகளின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட அப்பா நேராக உக்கடம் போய் வண்டியை எடுத்து வந்துவிட்டார்.

போன சித்திரையில் அவிநாசிக் கல்யாணம் ஒன்றிலிருந்து சம்பந்தி வீட்டுப் புதுக்காரில் திரும்பி வந்த அம்மா, "உள்ளே ஊட்டியாட்டம் இருந்துச்சுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. அப்பாவுக்குத்தான் அது நெஞ்சில் தங்கிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்ததும், உக்கடத்து மெக்கானிக் அப்துல் மஜீதிடம் வண்டியை விட்டு ஏசி மாட்டச் சொல்லிவிட்டார். டேஷ்போர்டுக்குக் கீழே இப்போது ஒரு கறுப்புப் பெட்டி.

"ஏசி போடறது பெரிசில்லீங்கண்ணே, இந்த வண்டியோட ஓட்டையெல்லாம் அடைக்கறதுதான் பெரும்பாடு" என்றாராம் மஜீத். கதவோரம், பெடல் சந்து, எங்கும் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தார்.

அன்னூர் தாண்டுவதற்குள் குளிர் ஏறிவிட்டது. வெளியே வெயிலில் ரோடு பளபளத்தது. அம்மாவின் கை சில்லிட்டிருந்தது. சென்னிமலைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டும் தோள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஏம்புள்ள, எப்படியிருக்குது?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. குமிழை இன்னொரு திருகு கூட்டினார். கூடவே துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டார். அவருக்கும் குளிர்தான். அம்மாவுக்காக அவர் பொறுத்துக்கொண்டார், அவருக்காக அம்மா. இத்தனை வருஷக் குடித்தனமும் இப்படித்தான். அவருக்குப் பிடிக்குமென்று அம்மா கொள்ளுப்பருப்பு கடைவாள். கடைந்தவள் மனசு நோகக்கூடாதென்று அவர் மறுபடி வாங்கிச் சாப்பிடுவார். இரண்டு பேருக்குமே கொள்ளு பிடிக்காது.

சாந்தாமணிக்கு எரிச்சலாக வந்தது. "அப்பா" என்று வாயெடுத்தாள். அம்மா அவள் மணிக்கட்டை அழுத்திக் கிசுகிசுத்தாள்.

"வேண்டாஞ் சாமி. உங்கப்பா எத்தனை ஆசையாப் போட்டிருக்காங்க."

"அப்பறம் உங்களுக்கு என்னதான் வேணுங்கம்மா?"

அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். "பாலத்து மேல கொஞ்சம் காத்து. அதைத் தாண்டினா நம்ம மல்லிக்காட்டு வாசம் வருமல்ல."

சத்தியமங்கலத்துப் பாலம் வந்தது. அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கைப்பிடி சாந்தாமணியின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரல் அகலம் இறக்கினால் போதும்.

"ஊட்டியாட்டம் இருக்குதா புள்ள?" என்று அப்பா கேட்டார்.

"ஊட்டியேதானுங்க."

அவர் சிரித்தார். அம்மா படுத்ததிலிருந்து அவர் சிரித்து சாந்தாமணி பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு அவளால் கைப்பிடியைத் தொட முடியவில்லை. மல்லிக்காடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து போயிற்று. பொழுது சாயும்போது, வீட்டுக் கட்டிலில், அம்மாவும் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாம்பலை மண்கலயத்தில் கட்டிக்கொண்டு, ஆற்றில் கரைக்கக் கூடுதுறைக்குக் கிளம்பினார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு. பெண்ணா வருவது என்று பங்காளிகள் முனகியதை அப்பா காதில் வாங்கவில்லை. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு சாந்தாமணி அதே இடத்தில் உட்கார்ந்தாள். காலடியில் சென்னிமலைப் போர்வை கிடந்தது. அம்மாவின் துணிமணிகளை எடுத்துக் கொடுத்தனுப்பியபோது வண்டிக்குள் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை.

அப்பா ஏசியைப் போட்டார். கொஞ்சதூரம் போனபின் கேட்டார்.

"அம்மணி, உங்கம்மா அன்னைக்கு வண்டியில ஏதாச்சும் சொன்னாளா?"

"என்னங்கப்பா?"

"குளுருதுன்னு."

"இல்லீங்கப்பா. நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாங்க."

அப்பா தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதும் போலிருந்தது. குமிழை ஒரு திருகு கூட்டினார்.

குளிர்காற்று பின்சீட்டுக்கு வந்தது. சாந்தாமணி குனிந்து போர்வையை எடுத்தாள். உதறிக் கலயத்தைச் சுற்றி, கழுத்துவரை இழுத்துவிட்டாள். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. நிமிர்ந்தாள். முன்னாலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏசியை நிறுத்தினார். மல்லிக்காட்டு ஓரமாக வண்டியை ஒதுக்கி, இறங்கிப் பின்கதவுக்கு வந்தார். ரப்பர் இறுக்கத்தில் கண்ணாடி அசையவில்லை. அவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, சாந்தாமணி உள்ளேயிருந்து சுற்றினாள்.

கண்ணாடி முழுக்க இறங்கி மல்லி வாசம் உள்ளே வந்ததும் அப்பா கையை உள்ளே விட்டு, கலயத்தின் கழுத்தில் மட்டும் போர்வையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.